இறக்கி வைக்க ஒரு கல்

சுமைதாங்கி என்னும் சொல்லை இன்று நாம் கல்லுக்குப் பயன்படுத்துவதில்லை, மனிதர்களுக்கே பயன்படுத்துகிறோம். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியே நின்ற அண்ணன், வீட்டுக்காகத் தன் திருமணத்தைத் தள்ளிப்போட்ட அக்காள், கணவனை இழந்து பிள்ளைகளை ஆளாக்கிய தாய் எனச் சுமைதாங்கிகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. 1962இல் ஸ்ரீதர் இயக்கத்தில் இப்பெயரில் ஒரு திரைப்படம் வந்தபோதே சொல் உருவகமாகிவிட்டிருந்தது. முதுகலை மாணவர்களிடம் சுமைதாங்கியைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், சிலர் அப்படத்தின் பெயரைச் சொல்கிறார்கள். சிலர் தம் தாயைச் சொல்கிறார்கள். கல்லைச் சொல்பவர் அரிது. உருவகம் வாழ்கிறது. அதைத் தந்த பொருளோ சாலையோரப் புதருக்குள் போய்விட்டது.

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட ஊர்களைச் சேர்ந்த நாங்கள் சிலர், சில ஆண்டுகளாக வடமாவட்டங்களின் பழைய சாலைகளில் இக்கற்களைத் தேடி ஒளிப்படம் எடுத்துவருகிறோம். எதற்காக இந்த வேலை என்று கேட்போர் உண்டு. தொல்லியல் ஆர்வம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கையில் எழுந்த எண்ணங்கள் தொல்லியலோடு நின்றுவிடவில்லை. இறந்தவர்களை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைக்கிறது, யாரை வைக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்ற வினாக்களில் அவை கொண்டுபோய் நிறுத்தின. அவற்றையே இங்கு வாசகரோடு பேச விரும்புகிறோம்.

முதலில் கல்லைப் பற்றி. நட்டுவைத்த இரு தூண்கற்கள், அவற்றின் மேல் கிடத்திய ஒரு பலகைக்கல். பெரும்பாலும் இவ்வளவுதான் சுமைதாங்கி. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மேடைகளும் உண்டு. உயரம் ஏறத்தாழ ஓர் ஆளின் தோள் அல்லது மார்பளவு. அந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. தலைச்சுமையோடு தனியே நடப்பவர் சுமையைத் தரையில் இறக்கினால், மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தோளுயரக் கல் இருந்தால் சற்றே குனிந்து சுமையைக் கல்லுக்கு மாற்றலாம். இளைப்பாறியபின் மறுபடி தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். யாருடைய உதவியும் வேண்டியதில்லை. வழியில் எவரும் இல்லாத நேரத்தில், இல்லாத அந்த இன்னொருவருக்குப் பதிலாகக் கல் நிற்கிறது.

இக்கற்கள் பலவும் வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. கருவைச் சுமந்தபடியே போய்விட்டாள், அவள் சுமை இறங்கவில்லை. வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை அவள் பெயரால் நிற்கும் கல்லில் இறக்கும்போது அவள் சுமையும் சிறிது இறங்கும் என்பது நம்பிக்கை. கோயிலுக்கு அருகிலும், நீர்நிலையோரத்திலும், சந்தைக்குப் போகும் வழியிலும், சாலைகள் கூடும் இடங்களிலும் இவற்றை நட்டார்கள். சிலவற்றில் இறந்தவள் பெயரும், நட்டவர் பெயரும், ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். பலவற்றில் ஓர் எழுத்தும் இராது. யாழ்ப்பாணத்திலும் இவ்வழக்கம் உண்டு. அங்கே வழிநடை மடம், கிணறு, மாடுகள் உடம்பு தேய்த்துக்கொள்ளும் ஆவுரிஞ்சு கல் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு தொகுதியாகவே சுமைதாங்கி அமைந்திருப்பதைக் காணலாம். கேரளத்தார் இதே போன்ற கல்லை அத்தாணி என்றும் சுமடுதாங்கி என்றும் வழங்குவர்.

தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு நினைவுக்கல் என்றதும் முதலில் தோன்றுவது நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துவிட்டது. சங்கப் பாடல்கள் நடுகல்லைப் பாடின. தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாக்கியது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டறிந்தபோது, நாளேடுகள் அச்செய்தியைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு இலக்கணத்தில் இடம் இருந்தது, இலக்கியத்தில் இடம் இருந்தது, ஆய்வேட்டிலும் இடம் கிடைத்தது. பிள்ளைப்பேற்றில் இறந்தவளுக்கு நட்ட கல்லுக்கோ, மக்கள் வழக்காறு தவிர வேறு இலக்கணம் எதுவும் இல்லை.

இரு கற்களுக்கும் உள்ள வேறுபாடு இடத்தோடு முடியவில்லை. நடுகல்லின் முன் நின்று வணங்குகிறோம், படையல் இடுகிறோம். சுமைதாங்கியின் முன் யாரும் கைகூப்புவதில்லை. அதன்மேல் விறகுக்கட்டையும் நெல்மூட்டையையும் புல்லுக்கட்டையும் வைக்கிறோம். நடுகல் நினைவைப் பார்வைக்கு வைக்கிறது. சுமைதாங்கி நினைவைப் பயன்பாட்டுக்கு விடுகிறது. சுமையை இறக்கிவைத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளும் ஒருவர், இறந்த பெண்ணை நினைக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அவர் நினைக்காவிட்டாலும் அவள் பொருட்டுச் செய்யவேண்டிய காரியம் நடந்துவிடுகிறது. இத்தகைய நினைவுமுறை உலகில் அரிது என்றே எண்ணுகிறோம்.

இதை வகுப்பில் சற்றுப் பெருமையோடு சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து, "செத்த பிறகும் அவளைச் சுமக்கத்தானே வைத்திருக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது. அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆடவனின் கல்லுக்கு வணக்கமும் பெண்ணின் கல்லுக்கு வேலையும் என்ற பகுப்பை இச்சமூகம்தான் செய்தது. அத்தோடு இவ்வழக்கத்தில் அன்பு மட்டுமே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கருவோடு இறந்தவளின் ஆவி அலையும் என்ற அச்சமும் கல் நட்டவர் மனத்தில் இருந்திருக்கிறது. அன்பும் அச்சமும் குற்றவுணர்வும் கலந்து நட்ட கற்கள் இவை. அழகிய மரபு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகள் அந்த மாணவியின் கேள்வியைத் தவிர்த்துவிட்டே அப்படி எழுதுகின்றன.

மேலைநாடுகளில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது நினைவு இருக்கை. பூங்காவிலோ கடற்கரையிலோ ஒரு மர இருக்கை. அதன் முதுகில் ஒரு சிறு பித்தளைத் தகடு. அதில் இறந்தவர் பெயரும், அவர் இந்த இடத்தை விரும்பினார் என்பது போன்ற ஒரு வாசகமும். இங்கிலாந்தின் பூங்காக்களில் இவை மிகுதி. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 1986 முதல் இதற்கென ஒரு திட்டமே இயங்குகிறது. பணம் கட்டினால் இருக்கையில் தகடு பதித்துத் தருவார்கள். 1999இல் வந்த ‘நாட்டிங் ஹில்’ திரைப்படத்தில் இத்தகைய இருக்கை ஒன்று வருவதைப் பலரும் நினைவுகொள்ளக்கூடும். வெற்று இருக்கைகளைத் தேடிப்போய்ப் படம் எடுப்பதை ஒரு கலையாகவே பயில்வோரும் அங்கு உண்டு. உட்கார்ந்திருந்தவர் இல்லை, இருக்கை இருக்கிறது. இல்லாமையைப் படமாக்க இதைவிட எளிய வழி இல்லை.

நம்மிடமும் இருக்கைகள் இருக்கின்றன. பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையிலும், கோயில் பிராகாரத்துக் குழல்விளக்கிலும் ‘இன்னார் நினைவாக, உபயம் இன்னார்’ என்று எழுதியிருப்பதைக் காணாதவர் இல்லை. விளக்கை மறைக்கும் அளவுக்குப் பெயரை எழுதுவது நம் தனித்திறமை. சிரிப்புக்கிடமான இவ்வழக்கமும் ஒரு நினைவுதான். அதைக் குறைசொல்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் உபயத்தில் இறந்தவர் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். பெயரற்ற சுமைதாங்கியில் கொடுத்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை. காரியம் மட்டுமே நின்றது. இன்று அந்தக் காரியமும் நின்றுபோயிற்று.

ஆகவே வெற்று இருக்கையைப் படம் எடுப்பதும் சுமைதாங்கியைப் படம் எடுப்பதும் ஒன்றாகிவிடாது. இருக்கையில் நாளையும் ஒருவர் வந்து உட்காருவார். சுமைதாங்கியில் யாரும் சுமை இறக்கப்போவதில்லை. சுமை லாரிக்கும் சிறுசரக்கு வண்டிக்கும் இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கைக்கும் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. எனவே இப்படத்தில் இல்லாமைகள் பல. இறந்த பெண் இல்லை; பிறக்காத பிள்ளை இல்லை; சுமையோடு வந்த வழிப்போக்கர் இல்லை; பலவற்றில் பெயரும் இல்லை.

இவ்வளவு இல்லாமைகளையும் ஒரு படம் காட்டவேண்டுமானால் எப்படி எடுப்பது? பாசி படிந்த கல்லின் ஒரு மூலையை மட்டும் நெருங்கி எடுத்து, பின்னணியை மங்கலாக்கி, மாலை வெயிலைக் கூட்டினால் கண்ணுக்கினிய படம் கிடைக்கும். சமூக ஊடகங்களில் பரவலாகக் காணக்கிடைப்பவை அத்தகைய படங்களே. அவற்றில் கல் அழகுப்பொருளாகிவிடுகிறது. எத்திசை நோக்கி நிற்கிறது, எந்த ஊரிலிருந்து எந்தச் சந்தைக்குப் போகும் வழி, என்ன உயரம் என்பவை எல்லாம் வெட்டுப்பட்டுவிடுகின்றன. சாலையும் மின்கம்பமும் கட்சிச் சுவரொட்டியும் பஞ்சர் கடையும் சட்டகத்துக்குள் இருக்கவேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். கல்லுக்கு அருகே ஓர் ஆள் நிற்கவேண்டும். தோளுயரம் தெரிந்தால்தான் அது எதற்கான கல் என்பது பார்ப்பவர் உடம்புக்குப் புரியும். எழுத்துத் தெரியவேண்டும் என்று சுண்ணாம்புப் பொடியும் மாவும் பூசுவோர் உண்டு. அது கல்லுக்குக் கேடு. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும்போது போனால், மழுங்கிய எழுத்தும் தன் நிழலால் தானே எழுந்து நிற்கும்.

படத்தில் இல்லாததே பேசும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. தாயை 1977இல் இழந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த், ஒளிப்படம் குறித்து எழுதிய நூல் 1980இல் வெளிவந்தது. தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் பழைய படம் ஒன்றைச் சுற்றியே அதன் பிற்பகுதி நகர்கிறது. வேறு பல படங்களை அச்சிட்ட அந்நூலில் அந்தப் படத்தை மட்டும் அவர் அச்சிடவில்லை. தமக்கு அது தாய், பிறருக்கு அது ஏதோ ஒரு பழைய படம் என்று அவர் கருதினார். சுமைதாங்கிகளின் நிலை இதற்கு நேர்மாறு. இவர்களுக்குப் படமே இல்லை. முகம் தெரியாது. படம் எடுத்துக்கொள்ளும் வசதி இப்பெண்களின் காலத்தில், இப்பெண்களின் வீடுகளில் இருந்ததில்லை. இந்தக் கல்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே உருவம்.

இனி, எங்கள் படங்களைத் தொகுத்தபோது மெல்லத் தெளிந்த ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். சுமைதாங்கி நடும் வழக்கம் ஏன் நின்றது? பிள்ளைப்பேற்றில் பெண்கள் இறப்பது நின்றதாலா? இல்லை. சாலையும் பேருந்தும் லாரியும் பெருகித் தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவர் குறைந்ததால் நின்றது. ஆனால் இறப்புகள் அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தன. இந்தியப் பதிவாளர் தலைமையகத்தின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, 2001–03 காலத்தில்கூடத் தமிழகத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். நாடு முழுமைக்கும் அது 301. 2018–20இல் தமிழகத்தின் எண்ணிக்கை 54 ஆகவும் நாட்டின் எண்ணிக்கை 97 ஆகவும் இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராமச் செவிலியரும், மருத்துவமனைப் பேறும் சேர்ந்து சாதித்தது இது. எந்த நினைவுக்கல்லையும்விடப் பெரிய காரியம்.

ஆனால் கல் நடுவது நின்ற காலத்துக்கும் இறப்பு குறைந்த காலத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் இருக்கின்றன. அக்காலத்தில் இறந்த பெண்களுக்குக் கல்லும் இல்லை, பிழைப்பிக்க மருத்துவமும் எட்டவில்லை. நம் பாட்டிகளின் தங்கைகளும், அம்மாக்களின் தோழியரும் அவர்கள். எந்தக் குடும்பத்திலும் கேட்டுப்பாருங்கள். ‘முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள்’ என்று ஒரு வரியில் சொல்லி முடிக்கப்படும் ஒருத்தி இருப்பாள். மேலே குறித்த இல்லாமைகளின் பட்டியலில் இந்த நடப்படாத கற்களையும் சேர்க்கவேண்டும். இவற்றைப் படம் எடுக்க வழியில்லை. நடப்பட்ட கற்களின் படங்களை வரிசையாகப் பார்க்கும்போதுதான், வரிசை ஓரிடத்தில் நின்றுபோவதைக் கண்டு இவற்றை ஊகிக்கிறோம்.

இங்கேதான் மரக்காணம் எங்களுக்கு முக்கியமாகிறது. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தை ஆய்வாளர் சிலர் இவ்வூரோடு பொருத்திப் பேசுவர். அது எவ்வாறாயினும், சங்கப் பாடல்கள் காட்டும் நெய்தல் நிலத்தையும் உப்புப் பாத்தியையும் இன்றும் கண்ணால் காண உதவும் ஊர்களில் இது ஒன்று. ஆந்திரத்திலிருந்து கடலையொட்டி இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடியும் இடமும் இதுவே. அக்கால்வாயின் சென்னைப் பகுதி 1877–78 பஞ்சக் காலத்தில் பட்டினியால் வாடியவர்களின் உழைப்பில் வெட்டப்பட்டது; பெயரோ அன்றைய ஆளுநருக்குப் போயிற்று. மண் சுமந்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

மரக்காணத்தில் தலைச்சுமை பழங்கதையாகிவிடவில்லை. பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளை மிதித்துச் செப்பனிட்டு, உவர்நீர் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, படிந்த உப்பை நீள்காம்புப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். ஈர உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாட்டின் மேல் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து அம்பாரத்தில் கொட்டுவதில் பெண்களின் பங்கு பெரிது. தூத்துக்குடி உப்பளத்தாரின் இவ்வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் 1979இலேயே எழுதிவிட்டார். விடுமுறை நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஒளிப்படக் கலைஞர்கள் இங்கு வருகிறார்கள். விடியல் வானம், வெண்குவியல், தலையில் கூடையோடு வரிசையாகச் செல்லும் பெண்களின் நிழலுருக்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். போட்டிகளில் பரிசு பெறத்தக்க படங்கள்தாம். அவற்றில் கூடையின் எடை மட்டும் தெரிவதில்லை.

நாங்கள் நடந்த உப்பள வரப்புகளில் ஒரு சுமைதாங்கியையும் காணவில்லை. உப்பளம் எதையும் நிலையாக நிற்கவிடும் இடமன்று. பாத்தியும் வரப்பும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுபவை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழைக்குப் பின் வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாமல் நீர் நின்றது. நாங்கள் எடுத்த ஒரு படத்தில் வரப்பு மட்டுமே இருக்கிறது. சுமை இறக்க ஒரு கல் இருந்திருக்கக்கூடிய இடம் என்று எங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்கிறோம். நிழலுருப் படத்தைவிட இந்த வெற்றுப் படமே அந்தப் பெண்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது என்பது எங்கள் எண்ணம். சுமைதாங்கியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டுமே அது பேசும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. மரக்காணம் வழியாகச் செல்லும் கடற்கரைச் சாலை உட்படத் தமிழகத்தின் பழைய சாலைகள் பலவும் கடந்த ஆண்டுகளில் அகலப்படுத்தப்பட்டு வருகின்றன. சுமைதாங்கி சாலையோரத்தில்தான் நிற்கும். ஆதலால் இயந்திரம் முதலில் தொடுவதும் அதைத்தான். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இத்தகைய எளிய கற்கள் இடம்பெறுவது அரிது. சிலர் இவற்றை அருங்காட்சியகத்தில் சேர்க்கவேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. வழியை விட்டு நீங்கிய சுமைதாங்கி வெறும் பலகைக்கல். சாலை விரியட்டும், கல்லைச் சில அடி தள்ளி அதே சாலையோரத்தில், அதே உயரத்தில், அதே திசையில் நட்டுவிடலாம். ஒரு நாள் வேலை. அதற்கு ஊராட்சித் தலைவரும் சாலைப் பணியாளரும் அக்கல் என்னவென்று அறிந்திருந்தாலே போதும்.

அறியச் செய்வது நம்மால் ஆகும். வாசகர்கள் தம் ஊர் வழியில் ஒரு சுமைதாங்கியைக் கண்டால் உடனே படம் எடுக்கவேண்டாம். அருகில் உள்ள வீட்டில் வயது முதிர்ந்த ஒருவரிடம், இது யாருக்காக நட்ட கல் என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் எழுதிவையுங்கள். இன்னார் வீட்டு மருமகள் என்ற அளவே கிடைத்தாலும் அதையும் எழுதிவையுங்கள். கல் இன்னும் சில காலம் நிற்கக்கூடும். அந்த முதியவர் அதுவரை இருக்கமாட்டார். படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.